தை மாதத்து வெப்பத்துக்கு ஒரு கூலர்

என் அக்காள் மகன் தன் கணினியை 2023 ஜூலை மாதத்தில் என் வீட்டுக் கூடத்தில் வைத்துத்தான் பாகம் பாகமாகப் பூட்டி அமைத்தான். நான் கியூர்பிப்பில் குடியிருக்கிறேன். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 550 மீட்டர் மேலே, மழையும் மூடுபனியும் நிறைந்த மேட்டுநிலம் இது. மொரிஷியஸில் ஜூலை குளிர்காலம். அன்றிரவு கூடத்துச் சுவரில் இருந்த வெப்பமானி 18 டிகிரி காட்டியது. கணினியின் மூளையான இன்டெல் கோர் ஐ5-12600கே பிராசசரில் கணக்குப்போடும் பெரிய கோர்கள் ஆறின் வேகத்தையும் 5.1 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, 1.33 வோல்ட் கொடுத்து, அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டோம். நான்கு வெப்பக்குழாய்களும் ஒரே ஒரு விசிறியும் கொண்டு அதன் சூட்டை வெளியேற்றும் எளிய டவர் கூலர்தான் அதன்மேல் இருந்தது. சூடு 84 டிகிரியில் நின்றது. இது போதும்தானே மாமா என்று அவன் கேட்டான். போதும் என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்காக நான் பின்னர் மிகவும் வருந்தினேன். ஓட்டல்களின் குளிர்சாதனங்களைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் இருபது ஆண்டுகளாக என் தொழில். ஓர் அறைக்கு எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும் என்று கணக்கிடும்போது, ஆண்டிலேயே மிகக் கொடிய நாளில் வெளியே என்ன வெப்பம் இருக்கும் என்பதைத்தான் நாங்கள் முதலில் கேட்போம். அந்தக் கேள்வியை என் சொந்த மருமகனின் கணினிக்கு நான் கேட்கவில்லை.

அவன் வீடு போர்ட் லூயிஸில், சேன்ட் குருவாவில், சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நடந்து போகும் தொலைவில் உள்ளது. தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தை மாதம் பனிக்காலம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் எங்களுக்கு அது கோடையின் உச்சி. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் சுடும் தார்ச்சாலையில்தான் நடக்கிறார்கள். 2024-இல் தைப்பூசம் ஜனவரி 25 அன்று வந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு, ஜனவரி 15 அன்று, பெலால் புயல் தீவைத் தாக்கி, போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. அக்காவின் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் அடைத்த ஜன்னல்களைத் திறந்த பிறகும் அந்த வாரம் முழுவதும் காற்று அசையாமல், ஈரமும் சூடுமாய்க் கனத்திருந்தது. அவன் அறையில் மாலை ஏழு மணிக்கு 33 டிகிரி. கணினி அப்போதுதான் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. விளையாட்டின் நடுவில் பிராசசர் 95 டிகிரியைத் தொட்டது. புதிய களம் ஏற்றப்படும்போதெல்லாம் 100-க்குப் போய்த் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. இரண்டு முறை நீலத் திரை வந்து அணைந்துபோனது.

அவன் தொலைபேசியில் சொன்னபோது முதலில் நான் மனக்கணக்காகப் போட்டது எளிய கழித்தல்தான். கூலர் எதுவானாலும், அது பிராசசரை ஒரு குறிப்பிட்ட டிகிரியில் வைத்திருப்பதில்லை; சுற்றியுள்ள காற்றைவிட இத்தனை டிகிரி மேலே வைத்திருக்கிறது. கியூர்பிப்பில் முழுச் சுமையில் அந்த இடைவெளி 66 டிகிரி. 18-உடன் 66 சேர்ந்தால் 84. அதே இடைவெளியை 33-உடன் சேர்த்தால் 99 ஆகிவிடும். இந்தப் பிராசசரின் எல்லையோ 100. கூலரில் எந்தப் பழுதும் இல்லை. நாங்கள் சோதித்த மாதமும் ஊரும்தான் தவறு. இணையத்தில் காணும் கூலர் ஒப்பீடுகள் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டிய, குளிரூட்டிய அறைகளில் எடுக்கப்பட்டவை. நம் ஊர்க்காரர்கள் அந்த எண்களைப் படிக்கும்போது, தம் அறையின் கோடைச் சூட்டுக்கும் அந்த அறையின் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

நீலத் திரை வந்ததற்கும் இதுவே காரணம். ஒரு பிராசசர் 80 டிகிரியில் தடுமாறாமல் ஓடும் வேகத்தில், அதே வோல்டேஜில், 98 டிகிரியிலும் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. சிலிக்கான் சூடாகச் சூடாக அதில் வீணாய்க் கசியும் மின்னோட்டம் கூடுகிறது. கசிவு கூடினால் வெப்பமும் கூடும். வெப்பம் கூடினால் கசிவு மேலும் கூடும். குளிர்காலத்தில் உறுதியாகத் தோன்றிய ஓவர்கிளாக், அதாவது பிராசசரை இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டும் அமைப்பு, கோடையில் குலைந்து போவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

கூலரைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பிராசசர் இயங்கும்போது எழும் வெப்பம் அதன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் வெப்பமும் பத்து விழுக்காடுதான் கூடும். ஆனால் அந்த வேகத்தைத் தாங்குவதற்காக வோல்டேஜையும் பத்து விழுக்காடு கூட்டினால் மொத்தத்தில் 33 விழுக்காடு கூடிவிடும். இன்டெல் இந்த 12600கே பிராசசருக்குக் கொடுத்திருக்கும் உச்ச அளவு 150 வாட். எங்கள் அமைப்பு 170 வாட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. கடைசி 0.2 கிகாஹெர்ட்ஸுக்காக நாங்கள் ஏற்றிய வோல்டேஜ்தான் அந்தக் கூலரின் முதுகை முறித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சேன்ட் குருவாவுக்கு இறங்கிப் போனேன். விரத நாள்கள் ஆதலால் அக்கா கூடத்தில் சாம்பிராணி போட்டிருந்தாள். அவன் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தான். மூன்று விசிறிகளும் வண்ண விளக்குகளும் கொண்ட நீரால் குளிர்விக்கும் 360 மி.மீ. லிக்விட் கூலர் ஒன்றின் படத்தைக் காட்டி, இதை வரவழைத்துவிடலாம் மாமா என்றான். வாங்குவது இருக்கட்டும், முதலில் கணினிப் பெட்டியின், அதாவது கேபினெட்டின், பக்கத் தகட்டைக் கழற்று என்றேன். கழற்றி வைத்துவிட்டு அதே விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட்டோம். பிராசசரின் சூடு 95-இலிருந்து 86-க்கு இறங்கியது.

கூலர் வாங்க நினைக்கும் எவரும் ஒரு காசு செலவின்றிச் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. இதைச் செய்யாமல் எதையும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தகட்டைத் திறந்ததும் ஒன்பது டிகிரி குறைகிறதென்றால், கூலர் மூச்சுவிடும் காற்றே சூடாக இருக்கிறது என்று பொருள். அவனுடைய கேபினெட்டின் முகப்பு முழுக் கண்ணாடி. விசிறிகள் அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் இருந்த விரல் அகலச் சந்து வழியாகத்தான் காற்றை இழுத்துக்கொண்டிருந்தன. உள்ளே இருந்ததோ திரைக்காட்சிகளை வரையும் ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு. அதன் மின்செலவு 220 வாட். விளையாடும்போது பிராசசர் முழுச் சுமையில் ஓடுவதில்லை, 100 வாட்டை ஒட்டியே செலவிடும். ஆகவே விளையாட்டுக் கணினிக்குள் எழும் வெப்பத்தில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுடையது. அந்தக் கார்டு தன் சூட்டை வெளியே அனுப்பாமல் கேபினெட்டுக்குள்ளேயே கொட்டுகிறது. அது கொட்டிய சூட்டைத்தான் பிராசசரின் கூலர் உறிஞ்சிக்கொண்டிருந்தது. என் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஓட்டலின் பின்புறச் சந்தில் சூட்டை வெளியே கக்கும் இரண்டு கண்டென்சர்களை எதிரெதிரே வைத்துவிட்டு, இயந்திரம் சரியாகக் குளிரூட்டவில்லை என்று எங்களை அழைப்பார்கள்.

லிக்விட் கூலரை வாங்கியிருந்தாலும் இந்தக் கேள்வி தீர்ந்திருக்காது. சூடான நீரைக் காற்றால் ஆறவைக்கும் அதன் ரேடியேட்டரைக் கேபினெட்டின் கூரையில் பொருத்தினால், கிராபிக்ஸ் கார்டு சூடாக்கிய காற்றுதான் அதன் வழியே வெளியேறும். முகப்பில் பொருத்தினால் பிராசசருக்கு வெளிக்காற்று கிடைக்கும். அதற்கு ஈடாக, ரேடியேட்டரில் சூடேறிய காற்று கிராபிக்ஸ் கார்டுக்குப் போய்ச் சேரும். நீரில் குளிர்வித்தாலும் காற்றில் குளிர்வித்தாலும், கணினி சுவரிலிருந்து இழுக்கும் 400 வாட்டும் வெப்பமாகி அந்த அறைக்குள்தான் வந்து விழும். லிக்விட் கூலர் அறையைக் குளிர்விக்காது என்பதை அவனுக்குப் புரியவைக்கவே அன்று எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. பிறகு அவனே அதைத் தன் நண்பர்களுக்கு விளக்கத் தொடங்கினான்.

லிக்விட் கூலர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பிராசசரின் தலைமேல் ஒரு செம்புத் தட்டு, அதனுள் முடிபோல் மெல்லிய வரிப்பள்ளங்கள், அவற்றின் வழியே நீரைத் தள்ளும் சிறு பம்பு, இரண்டு ரப்பர்க் குழாய்கள், ஒரு ரேடியேட்டர் என்று அதன் கட்டுமானம் அழகானது. நெருக்கடியான ஓர் இடத்திலிருந்து வெப்பத்தைத் தொலைவில் உள்ள பெரிய பரப்புக்குக் கொண்டுபோவதில் அதற்கு இணையில்லை. முழுச் சுமையில் 250 வாட்டைத் தொடும் ஐ9 வகைப் பிராசசரை நாள் முழுவதும் வீடியோ வேலைக்காக ஓட்டுபவர் 360 மி.மீ. ரேடியேட்டரை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நீர் மெல்லச் சூடேறும் பொருள். சுமை ஏறிய முதல் பத்து நிமிடங்களில் எந்த லிக்விட் கூலரும் தன் உண்மையான நிலையைக் காட்டாது. நீரின் சூடு ஏறுவது நின்ற பிறகு, அதாவது அரை மணி நேரம் கழித்து எடுத்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

ஆனால் எங்கள் தீவில் வேறு கணக்குகளும் உண்டு. பம்பு என்பது சுழலும் பாகம். அது என்றாவது ஒரு நாள் நிற்கும். குழாய்ச் சுவர்களின் வழியே நீர் ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகி வெளியேறும். அப்படிக் குறைந்த நீரின் இடத்தில் காற்று சேரும். சேர்ந்த காற்று சுற்றுப்பாதையின் மிக உயரமான இடத்தில் போய்த் தங்கும். பம்பு அந்த உயரத்தில் இருந்துவிட்டால் நீருக்குப் பதில் காற்றைக் கடைந்து கெட்டுப்போகும். ஆகவே ரேடியேட்டரின் மேல்முனை எப்போதும் பம்பைவிட உயரத்தில் இருக்கவேண்டும். என் உடன் வேலைசெய்யும் நண்பர் ஒருவரின் லிக்விட் கூலர் மூன்றாம் ஆண்டில் பம்பு நின்றுபோய், கணினியைத் தொடங்கிய இரண்டே நிமிடங்களில் 100 டிகிரிக்கு ஏறியது. உத்தரவாதம் இருந்தது, ஆனால் பொருளைக் கடல்கடந்து திருப்பி அனுப்பி, மாற்று வந்து சேரும்வரை அவர் ஏழு வாரம் கணினியின்றி இருந்தார். டவர் கூலரில் கெடக்கூடியது விசிறி ஒன்றுதான். அது நின்றால் போர்ட் லூயிஸில் எந்தக் கடையிலும் வேறொரு 120 மி.மீ. விசிறி வாங்கி மாலைக்குள் மாட்டிவிடலாம்.

டவர் கூலரின் வெப்பக்குழாயை வெறும் செம்புக் கம்பி என்று பலர் எண்ணுகிறார்கள். அது உள்ளீடற்றது, காற்றை வெளியேற்றிவிட்டு அதனுள் சில துளி நீரை மட்டும் வைத்து மூடியிருக்கிறார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்த நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகி, தகடுகள் இருக்கும் குளிர்ந்த முனைக்கு விரைகிறது. அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகி, உட்சுவரில் பூசப்பட்ட செம்புத்தூளின் நுண்துளைகள் வழியே தானாகவே திரும்பி வருகிறது. பம்பு இல்லை, மின்சாரம் இல்லை, தேய்மானமும் இல்லை. ஆவியாதலும் மீண்டும் நீராதலும் எங்கள் குளிர்சாதனங்களிலும் நடப்பவைதாம். இருபது ஆண்டுகளாகக் கம்ப்ரசரின் உதவியோடு அதைச் செய்துவரும் எனக்கு, விரல் பருமனுள்ள ஒரு குழாய் யாருடைய துணையும் இன்றி அதைச் செய்வது இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இடையில் அவன் நண்பன் ஒருவன் வந்து, அறையின் ஏ.சி. காற்று நேராகக் கணினிக்குள் போகும்படி ஒரு குழாய் அமைத்துக் கொடுங்கள் என்று கேட்டான். இது என் துறை ஆதலால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏ.சி. வாயிலிருந்து வரும் காற்று 12 முதல் 15 டிகிரி வரை இருக்கும். கோடையில் எங்கள் கடற்கரைக் காற்றின் பனிநிலையோ 23, 24 டிகிரி வரை போகும். அதாவது, அந்த அளவுக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின்மீதும் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்வரை உள்ளே எல்லாம் சூடாக இருப்பதால் ஆபத்தில்லை. விளையாட்டை முடித்து அணைத்த பிறகும் ஏ.சி. அதன்மேல் வீசிக்கொண்டிருந்து, பாகங்கள் பொருந்தியுள்ள மதர்போர்டும் கூலரின் தகடுகளும் சில்லிட்டுப் போன வேளையில் யாராவது ஜன்னலைத் திறந்தால், குளிர்ந்த குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல அவையும் வியர்க்கும். மீண்டும் பொத்தானை அழுத்தும்போது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிராசசரை அறைவெப்பத்துக்கும் கீழே கொண்டுபோகும் பெல்டியர் தட்டுகளையும் இதே காரணத்துக்காகத்தான் நான் இந்தத் தீவில் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஏ.சி.யைப் போட விரும்புபவர்கள் அறையையே 26 டிகிரிக்குக் குளிர்விக்கட்டும். 12,000 பிடியு (ஏ.சி.யின் திறனைக் குறிக்கும் அளவு) இயந்திரம் ஏறத்தாழ 3,500 வாட் வெப்பத்தை அகற்றும். அதில் கணினியின் பங்கு எட்டில் ஒன்றுக்கும் சற்றே குறைவு.

தனித்தனிப் பாகங்களை வாங்கிக் கையால் அமைக்கும் நீர்ச்சுற்றைப் பற்றியும் அவன் கேட்டான். செம்புத் தட்டையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே நீரில் சேர்த்தால் அரிப்பு தொடங்கும் என்பதையும், ஆண்டுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும் என்பதையும் கேட்டவுடன் அவனே அதை விட்டுவிட்டான்.

முடிவில் நாங்கள் பணத்தின் பெரும்பகுதியைக் கேபினெட்டுக்குச் செலவிட்டோம். முகப்பு முழுவதும் கம்பிவலை, அதன் பின்னே காற்றை உள்ளிழுக்கும் மூன்று விசிறிகள், பின்புறம் வெளியேற்றும் ஒன்று. உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடக் கூடுதலாக இருந்தால், தூசி வலையைக் கடந்து வரவேண்டியிருக்கும். சந்துபொந்துகள் வழியே நுழையாது. கூலருக்கு நான் முதலில் நினைத்தது நாக்டுவா என்எச்-டி15. 2014-இல் வந்து, இன்றும் காற்றால் குளிர்விப்பவற்றின் முன்வரிசையில் நிற்கும் இரட்டை டவர் அது. ஆனால் அதன் உயரம் 165 மி.மீ.; நாங்கள் எடுத்த கேபினெட்டில் 160 மி.மீ.க்குத்தான் இடம். விசிறிகளோடு சேர்த்து 1.3 கிலோ எடை என்பதும் எனக்குத் தயக்கம் தந்தது, ஏனெனில் அவன் விடுமுறைக்குக் கணினியைக் காரில் ஏற்றிக்கொண்டு கியூர்பிப்புக்கு வருகிறவன். ஆகவே 155 மி.மீ. உயரமும் ஆறு வெப்பக்குழாய்களும் கொண்ட தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ கூலரை வரவழைத்தோம். அவன் ஆசைப்பட்ட லிக்விட் கூலரின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இதையும் காரில் கொண்டுவரும்போது கேபினெட்டைப் படுக்கவைத்து, மதர்போர்டு தரைபோல் கிடக்க, கூலர் அதன்மேல் நிமிர்ந்து நிற்கும்படி எடுத்து வா என்று சொல்லியிருக்கிறேன். நிமிர்த்தி வைத்தால் மேடு பள்ளங்களில் முழு எடையும் மதர்போர்டை இழுக்கும்.

வேகத்தைக் குறைப்பதில்தான் மாமாவுக்கும் மருமகனுக்கும் சண்டை வந்தது. 5.1 என்ற எண்ணை விட அவனுக்கு மனமில்லை. 4.9 கிகாஹெர்ட்ஸுக்கு 1.25 வோல்ட் போதுமாயிருந்தது. கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். வேகத்தில் இழப்பது நான்கு விழுக்காடு. வெப்பத்தில் குறைவது பதினைந்து விழுக்காடு. பிறகு அவன் விளையாடும் விளையாட்டையே இரண்டு அமைப்புகளிலும் ஓட்டி, திரையைப் பார்த்து எது எது என்று சொல்லச் சொன்னேன். மூன்று முறை முயன்றான், சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகுதான் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், 4.9 கிகாஹெர்ட்ஸைக் குறிக்கும் 49 என்று அவனே தன் கையால் மாற்றினான்.

பிப்ரவரி முதல் வாரத்தில், அறையில் 33 டிகிரி இருந்த ஒரு மாலையில், ஏ.சி. போடாமல் சோதித்தோம். அரை மணி நேர முழுச் சுமையில் 87 டிகிரி. இரண்டு மணி நேர விளையாட்டில் 74. நீலத் திரை வரவில்லை. விசிறிகளின் ஒலியும் முன்பைவிடக் குறைவு என்று பக்கத்து அறையில் தூங்கும் அக்கா சொன்னாள்.

பராமரிப்பில் எங்களுக்கே உரிய இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. ஒன்று சாம்பிராணி. அதன் புகையில் உள்ள பிசின் தகடுகளின்மேல் மெல்லிய பசைபோல் படிந்து, சாதாரணத் தூசியை ஒட்டவைத்துவிடுகிறது. ஊதினால் போகாது, தூரிகை வேண்டும். பழைய கூலரைக் கழற்றியபோது தகடுகளின் இடைவெளிகளில் பாதி அடைபட்டிருந்ததைக் கண்டோம், அது ஏழு மாதத்துப் படிவு. அக்காவிடம் சாம்பிராணி போடாதே என்று யாரும் சொல்லப்போவதில்லை. கணினி மேசையைத்தான் கூடத்துக்கு எதிர்ப்புறச் சுவருக்கு மாற்றினோம். இன்னொன்று, ஜூன் முதல் டிசம்பர் வரையிலான கரும்பு அறுவடைக் காலத்தில், தோட்டங்களை எரிக்கும் நாள்களில் காற்றோடு வரும் கரிச்சாம்பல். அது மென்மையானது, வலையில் சிக்கியதும் பொடியாகி உள்ளே போகும்.

அதனால் ஆண்டுக்கு இரண்டு நாள்களைக் குறித்து வைத்திருக்கிறோம். அறுவடை முடிந்ததும் ஒருமுறை முகப்பு வலையைக் கழற்றிக் கழுவி, தகடுகளைத் துலக்குகிறான். தைப்பூச விரதத்துக்குக் கொடியேறும் முன்பு, அறையின் ஜன்னல்களை மூடி, ஏ.சி.யை அணைத்து, அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, வந்த எண்ணை எனக்கு அனுப்புகிறான். 2025-இல் அவன் அனுப்பியது 88.